நகப்பூச்சு வைத்த டர்போ

காலை பத்து மணிக்கு உக்கடத்துப் பழைய இரும்புக்கடைச் சந்துக்குள் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு நுழைந்ததும் அருள்குமார் முதலில் செய்த காரியம், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டதுதான். இரண்டாவதாக, பக்கத்து இருக்கையில் இருந்த அட்டைப்பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டான். சந்தில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரேடியேட்டர் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கோ எல்லாரும் பெட்டியையே பார்ப்பதாகத் தோன்றியது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு டர்போ. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற நத்தை வடிவச் சாமான். அருள்குமாரின் வண்டியில் அது கிடையாது. கணபதியில் பம்புசெட் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் அவன், ஐந்து வருட ஆசையைச் சேர்த்துவைத்து வாங்கிய பழைய வண்டி அது. மாதம் ஒருமுறை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுவான். அங்கே நேற்று லைசென்ஸ் வாங்கியவர்களெல்லாம் டர்போ வண்டியில் அவனைத் தாண்டிப் போனது பொறுக்கவில்லை. புது டர்போ வாங்க வசதியில்லை. பெருந்துறையில் இருக்கும் ஒன்றுவிட்ட அத்தை மகன் மிதுன், "பிரிச்சு சர்வீஸ் பண்ணுனது மாப்ள, புதுசு மாதிரி" என்று பாதி விலைக்கும் கீழே ஒன்றைக் கொடுத்தான். நம்ம மிதுன் கொடுத்தது என்பதால் அருள்குமார் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முந்தின நாள் இரவு, மாட்டப் போகிற ஆளை நினைத்தபோதுதான் பெட்டியைத் திறந்தான். டிராக்கில் எல்லாரும் 'உக்கடம் பாய்' என்று கைகாட்டியது மெக்கானிக் சஹீரைத்தான். நல்ல வேலைக்காரர் என்றார்கள். இருந்தாலும் உக்கடம், இருந்தாலும் பாய், இருந்தாலும் சந்துக்கடை. இப்படி மூன்று 'இருந்தாலும்' சேர்ந்து அவன் தூக்கத்தைக் கெடுத்தன. மனைவி லோகப்பிரியாவின் மெரூன் நகப்பூச்சை எடுத்து, டர்போவின் இரும்பு ஓட்டில், கண்ணில் படாத ஒரு பள்ளத்தில் பொட்டு வைத்தான். விரலெல்லாம் ஈஷிக்கொண்டது. சரக்கை மாற்றினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரே நிம்மதி.

சஹீருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். டர்போவைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நடுவில் இருந்த தண்டை இரண்டு விரலால் ஆட்டினார்.

"ஏனுங்க, இது எங்க வாங்குனதுங்க?"

"சொந்தக்காரப் பையன்கிட்டத்தானுங்க. ஏன் கேக்கறீங்க?"

"தண்டு ஆடுதுங்க. நம்பர் தகடு இருக்கற எடத்துல, எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம அரத்துல ராவி எடுத்திருக்குதுங்க. இதை மாட்ட வேண்டாமுங்க. திருப்பிக் குடுத்துப்போடுங்க."

தன்னிடம் இருக்கும் ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அருள்குமார் முடிவுகட்டினான்.

"பாய், நீங்க மாட்டிக் குடுங்க. அது போதுமுங்க."

சஹீர் டர்போவை இன்னொரு முறை திருப்பினார். இரும்புப் பள்ளத்தில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"சரிங்க, மாட்டறேன். ஆனா ஷெட்டுக்குள்ளயே ஓட்டிப் பாப்பமுங்க. எண்ணெய் ஒழுகி சூட்டுக் குழாய்ல பட்டா வண்டி தீப்புடிச்சுக்கும். அப்படி இருந்துச்சுன்னா வெளிய எடுத்துட்டுப் போக உடமாட்டனுங்க."

அடுத்த பத்து நாளும் அருள்குமார் பட்டறையில் இருந்தாலும் மனசு உக்கடத்திலேயே கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நான்கு முறை போய் நின்றான். "வாங்க, உக்காருங்க, டீ சொல்லட்டுங்களா" என்று சஹீர் கேட்டால், எதை மறைக்க இவ்வளவு உபசாரம் என்று நினைத்தான். டீ சொல்லாத நாளில், முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாரே, ஏன் என்று நினைத்தான். ஒருநாள் அலமாரியில் வேறொரு டர்போ இருந்ததைப் பார்த்து, என்னுடையதற்குப் பதில் மாட்டப் போவது இதைத்தான் என்று நினைத்தான்.

பதினோராம் நாள் சஹீர் வரச்சொன்னார். எஞ்சினை ஓட்டிக் காட்டினார். கால் மணி நேரத்தில் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி ஷெட்டை மூடியது. டர்போவின் அடியில் எண்ணெய் சொட்டியது.

"சொன்னனுங்களே," என்றார் சஹீர்.

அருள்குமார் எஞ்சின் ஆறியதும் செல்போன் வெளிச்சத்தை அடித்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். மெரூன் பொட்டு இல்லை. மூன்று தடவை பார்த்தான், மூன்று தடவையும் இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயில் 'ங்க' மட்டும் தவறவில்லை. "நாளைக்கு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நானூறு பேர் இருக்கும் கார்ப் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "உக்கடத்துல ஒரு பாய் கடை. என் நல்ல டர்போவை எடுத்துக்கிட்டு ஓட்டையை மாட்டிட்டாரு. யாரும் வண்டி விடாதீங்க." கூடவே எடுத்துப் போட்ட படத்தில் கடையின் போர்டும் தெரிந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது.

மிதுனுக்கு போன் செய்தான். "அவிங்க அப்படித்தான் மாப்ள. நான் குடுத்தது தங்கமாட்டம் இருந்துச்சு," என்றான் மிதுன்.

"அப்ப நீ வந்து பாத்துச் சொல்லிப்போடு மச்சான். நீ குடுத்ததுதானான்னு உனக்குத்தானே தெரியும்?"

"இந்த வாரம் முடியாது மாப்ள. கல்யாணம் ஒண்ணு இருக்குது."

பக்கத்தில் இருந்த லோகப்பிரியா கேட்டுக்கொண்டிருந்தாள். "பெருந்துறையில இருந்து ஒன்றரை மணி நேரம். கூப்பிடாமயே விருந்துக்கு வர்ற ஆளு, இதுக்கு ஏனுங்க வரமாட்டேங்கறான்?" என்றாள். பிறகு, "ஆமா, அந்தக் கடைக்காரரு பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

அருள்குமார் போனைப் பார்த்தான். 'உக்கடம் பாய்' என்றுதான் பதிந்து வைத்திருந்தான்.

மறுநாள் இருவரும் போனார்கள். ஷெட்டில் வழக்கமாக நிற்கும் நான்கைந்து வண்டிகளைக் காணோம். சிவப்பு வண்டி மட்டும் தனியாக நின்றது. கழற்றிய டர்போவைச் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்திருந்தார் சஹீர்.

"நீங்க போட்டதைப் பாத்துட்டுக் காலையிலயே எல்லாரும் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாதி வேலையில இருந்ததைக்கூடக் கட்டி இழுத்துட்டுப் போறாங்க. இருபத்தி ரெண்டு வருசத்துப் பேருங்க இது," என்றார். குரலை அவர் உயர்த்தவில்லை.

"என்ற டர்போ எங்கீங்க?" என்றான் அருள்குமார்.

"இதுதானுங்க."

"இது இல்லீங்க. நான் மார்க்கு வெச்சிருந்தேன்."

லோகப்பிரியா குனிந்து டர்போவைத் தூக்கினாள். மாட்டியிருந்தபோது கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அலுமினியப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே மெரூன் நிறத்தில் ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை அச்சுக் குத்தியது போல இருந்தது.

"என்ற நெயில் பாலிஷுங்க இது," என்றாள். கணவனின் வலது கையைப் பிடித்து இழுத்து ரேகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கட்டைவெரல் உங்குளுது. அந்த வெட்டுத் தழும்பு சுத்தமாத் தெரியுது பாருங்க."

அருள்குமார் தன் கட்டைவிரலையும் அந்த ரேகையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அந்தப் பக்கம் வெச்ச பொட்டு?"

"அது புகை போற பக்கமுங்க. அடுப்புக் கங்காட்டம் செவந்துபோயிரும். அங்க நகப்பூச்சு நிக்குமுங்களா?" என்றார் சஹீர். "மொத நாளே அந்தப் பொட்டைப் பாத்தனுங்க. பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. சரி, வேலை முடிஞ்சதும் வந்து பாப்பாரு, பொட்டு இருக்கும், மனசு மாறிக்குவாருன்னு இருந்தேன். எரிஞ்சுபோயிரும்னு நானும் யோசிக்காம உட்டுட்டேன் பாருங்க."

"கேட்டிருக்கலாமில்லீங்க?"

"என்னன்னு கேக்கறதுங்க? என்னைய நம்பலீங்களான்னா? நீங்க மார்க்கு வெச்சது டர்போ மேல இல்லீங்க, என் மேல."

அருள்குமார் தலையைக் குனிந்துகொண்டான். சஹீர் டர்போவின் ராவிய இடத்தில் விரலை வைத்தார்.

"நம்பரை ராவி எடுத்த சாமானைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பிட்டீங்க. பேரு, நம்பரு, அட்ரஸு எல்லாம் போர்டுல எழுதி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவனை நம்பலீங்க. சந்தேகப்படுங்க, வேண்டாங்கலை. சாமானைப் பாத்துச் சந்தேகப்படுங்க. ஆளோட தெருவைப் பாத்துப் படாதீங்க."

அங்கேயே நின்றுகொண்டு அருள்குமார் மிதுனை அழைத்தான். நம்பர் தகடு எங்கே என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நமக்குள்ள என்ன மாப்ள, நம்ம சாதிசனத்துக்குள்ள இதையெல்லாம் பெருசு பண்ணிக்கிட்டு..." என்று மிதுன் இழுத்தான். அருள்குமார் போனை வைத்துவிட்டான்.

"நான் போட்டதை இப்பவே அழிச்சுப்போடறனுங்க," என்றான் சஹீரிடம்.

"அழிச்சா போனுல இருந்துதான் போகுமுங்க. படிச்சவங்க மனசுல இருந்து போகுங்களா?"

அருள்குமார் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, லோகப்பிரியாவிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னான். கையில் டர்போ, அதில் தன் விரல் ரேகை, பின்னால் கடைப் போர்டு.

"நான் அருள்குமாருங்க. நேத்து நான் போட்டது பொய். என் டர்போவை யாரும் மாத்தலை. என் சொந்தக்காரன் குடுத்ததே ஓட்டை. அதை மாட்ட வேண்டாம்னு மொத நாளே இவரு சொன்னாரு. நம்ம ஆளுன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பறது, வேத்து ஆளுன்னா கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுச் சந்தேகப்படறது... இந்த நோய் எனக்கு இருந்துச்சுங்க. உங்கள்ல யாருக்காச்சும் இருந்தா, ஒரு நல்ல மனுசன் பொழப்பைக் கெடுக்கறதுக்கு முன்னாடி விட்டுப்போடுங்க. வண்டியை எடுத்துட்டுப் போனவங்க தயவுசெஞ்சு திருப்பிக் கொண்டாந்து உடுங்க. இவரு பேரு..."

திரும்பிப் போர்டைப் பார்த்தான். பதினோரு நாளாக அதன் கீழேதான் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

"இவரு பேரு சஹீருங்க."