நெட்டையின் பெயரில் ஆறு மணி நேரம்

வகுப்பே கைதட்டியது. எதற்கென்று நெட்டைக்கு முதலில் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்கும் செயலிக்குத் திரைகள் வடிவமைப்பதுதான் அந்தப் பருவத்தின் ஒரு வாரக் குழு வேலை. நான்கு பேரும் இணையத்தில் ஒரே பலகையில் சேர்ந்து வரைய வேண்டும். யார், எந்தப் பெட்டியை, எப்போது போட்டார்கள் என்று அந்தப் பலகையே குறித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மதிப்பெண் என்று இன்றைக்கு வந்து குண்டைத் தூக்கிப் போட்டார் பேராசிரியர்.

"இவரைப் பாருங்க, அப்பாவை அடக்கம் பண்ண அன்னைக்குக்கூட ஆறு மணி நேரம் வேலை பார்த்திருக்கார். உங்களுக்கெல்லாம் சளி பிடிச்சாலே லீவு!"

கைதட்டல் அதற்குத்தான்.

நெட்டை அந்தப் பலகையில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. இலவசக் கணக்கில் மூன்று பேர்தான் வரைய முடியும், நாலாவது ஆள் வேடிக்கை பார்க்கலாம். அவர்கள் குழுவில் அந்த நாலாவது ஆள் பொடிசு. வேலை தொடங்கிய அன்றே, அப்பா இறந்துவிட்டார் என்று நெட்டையின் வீட்டிலிருந்து போன் வந்தது. கிளம்பும் அவசரத்தில் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்து, "என் பேர்லயே உள்ள போய் செஞ்சிடு" என்றான். அவளும் செய்தாள், அவன் பங்கையும் சேர்த்து.

அடக்கத்தன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா பாரு" என்றாள் அத்தை, அவன் காதுபடவே. அவள் சொன்னதில் தப்பில்லை, அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. போனில் பலகையைத் திறந்தான். அவன் பெயர் ஒட்டிய அம்புக்குறி சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி போட்டது, அழித்தது, நிறம் மாற்றியது. தன் பெயராவது எங்கோ நன்றாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தான். மாமா தோளைத் தொட்டு, "எடுக்கப் போறாங்க, வாப்பா" என்ற பிறகுதான் போனை வைத்தான்.

பேராசிரியர் அடுத்த பெயருக்கு வந்தார். பொடிசுக்குப் பூஜ்யம்.

"என்னம்மா, பேருக்குத்தான் குழுவுல இருந்தீங்களா? அடுத்த வருஷம் மறுபடி எழுதுங்க."

அடுத்த மாதம் அவள் வேலையில் சேர வேண்டும். ஒரு பாடம் போனாலும் அந்த வேலை கைநழுவிவிடும். அப்படியும் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் போய் மதிப்பெண்ணுக்கு மல்லுக்கு நிற்பதா என்று, பாவம், மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவின் மற்ற இருவரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நெட்டைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை கிடைத்திருந்தது. சும்மா இருந்தால் போதும், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எழுந்து நின்றான்.

"சார், அது நான் இல்ல. அவ செஞ்சது. என் லாகின்ல."

"அப்ப இதுல உங்களோடது எது? ஒரு பெட்டியாவது காட்டுங்க, பார்த்துப் போடறேன்."

பேராசிரியர் கெட்டவரில்லை. நிஜமாகவே காத்திருந்தார்.

"எதுவும் இல்ல சார்."

அவர் தயங்கித் தயங்கிக் கணினியில் தட்டினார். பொடிசின் பெயருக்கு எதிரே மதிப்பெண் ஏறியது, நெட்டையின் பெயருக்கு எதிரே பூஜ்யம் வந்தது. பொடிசு அழுதுவிட்டாள். அவனுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

துக்கம் விசாரித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரம் அவன் எப்படி இருந்தான் என்பதை அந்தப் பூஜ்யம்தான் உள்ளபடி சொன்னது.