விரல் காட்டிய இடம்

எங்கள் கல்லூரி ஓவியக் கூடத்தில் தப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓவியத்தைப் பார்த்து என்ன சொன்னாலும் நாங்கள் தலையாட்ட வேண்டும். பசுவை யானை என்றாலும் சரி, அந்த இடத்தை விரலால் காட்டி, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்று கேட்க வேண்டும். இதைப் பழக்கத்தான் கல்விப் பிரிவுத் தலைவி மார்கோ, இன்டர்ன்களான எங்கள் உயிரை ஒரு மாதம் வாங்கினார்.

எங்கள் என்றால் நானும் ஆர்லோவும். மே மாதம் படிப்பு முடிந்ததும் இருவரில் ஒருவருக்கு ஒரு வருட ஃபெலோஷிப். சம்பளம், அறை, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. கிடைக்காவிட்டால் எனக்கு சொந்த ஊரான டுலூத்தில் அப்பாவின் டயர் கடைதான் கதி. ரப்பர் நாற்றத்திலேயே வளர்ந்தவள் நான். அங்கே திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

எங்களுக்கு ஒதுக்கிய ஓவியம் சின்னது. உறைந்த ஏரி, மரத்தாலான படகுத்துறை, அதன் முனையில் பனியில் சிக்கிய வெறும் படகு. வரைந்தவர் யாரென்று தெரியாது. மனித வாடையே இல்லாத படம்.

ஜனவரியில் வந்த முதல் வகுப்பில் ஒரு பையன், "படகுல ஒரு பொண்ணு படுத்திருக்கா," என்றான்.

படகு காலி. இருந்தாலும் விதி விதிதானே. படகின் மேல் விரலை நீட்டி, "இங்க ஒரு பொண்ணு படுத்திருக்கான்னு சொல்ற. எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்றேன்.

"முழங்கால் தெரியுதே, மிஸ். கோட்டுகூட இல்ல. பாவம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் வேறு ஊர்ப் பள்ளி வந்தது. ஒரு சிறுமி, "அந்தப் பொண்ணு எழுந்து உக்காந்திருக்கா," என்றாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்து இன்னொரு பள்ளி. அவள் துறை மேல் ஏறி நிற்கிறாளாம், தலைமுடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் சொன்ன இடத்தை ஒழுங்காக விரலால் காட்டினேன்.

ஆர்லோவிடம் சண்டைக்குப் போனேன். "நீதானே பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. நானும் அதே படத்தைத்தான் காட்டறேன். வாத்து இருக்குன்னாங்க, நரி ஓடுதுன்னாங்க. பொண்ணு எதுவும் வரல."

"எனக்கு மட்டும் ஏன் வருது?"

"நான் கையைப் பாக்கெட்லயே வச்சிருக்கேன். மார்கோ என்னைத் திட்டறதே அதுக்குத்தானே? நீதான் விரலை நீட்டி நீட்டி அவளைக் கூட்டிட்டு வர்ற, தாயே."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது கிண்டலாகப் படவில்லை.

மார்கோவிடம் போய் வேறு படம் கேட்டேன். "எந்தப் படம்னாலும் சமாளிக்கறவங்களுக்குத்தான் ஃபெலோஷிப், ஹெஸ்டர்," என்றார். "வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பார்க்கறேன். அதோட முடிவு பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை பள்ளி ஆசிரியை மிஸஸ் ஹால்வர்சனின் வகுப்பு வந்தது. பிள்ளைகள் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். மார்கோ பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, "இந்தப் படத்துல என்ன நடக்குது?" என்றேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். கழற்ற மாட்டேன் என்று வாசலில் அவள் அடம்பிடித்த மஞ்சள் கோட்டு இன்னும் அவள் உடம்பில் இருந்தது. மேவிஸ் என்று மார்பில் பெயர் ஒட்டியிருந்தது.

"அவ ரொம்பக் கிட்ட வந்துட்டா, மிஸ். கீழ இருக்கற சட்டத்தைப் புடிச்சிட்டிருக்கா."

பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே அதைத் திருப்பிச் சொன்னேன். மார்கோ தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து பார்த்தால், தன் ஆள்காட்டி விரலை உயர்த்தி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். டயர் கடை கண் முன்னால் வந்து நின்றது. விரலை நீட்டி ஓவியச் சட்டத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினேன். நுனி ஜில்லென்றது.

"வேற என்ன தெரியுது?"

"இப்ப படத்துல யாரும் இல்ல," என்றாள் மேவிஸ்.

முன்வரிசைப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தாமதமாக வந்த யாருக்கோ இடம் விடுவதுபோல நகர்ந்தார்கள். யாரும் அவர்களை நகரச் சொல்லவில்லை.

எப்படியோ பேசி முடித்தேன். வெளியே பனி கொட்டியது. மிஸஸ் ஹால்வர்சன் பஸ் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி ஏற்றினார். முக்காட்டை இழுத்துவிட்ட மஞ்சள் கோட்டு கடைசியாக ஏறியது. "கணக்கு சரி," என்று எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

மார்கோ என் தோளைத் தட்டினார். "விரல்தான் கொஞ்சம் தயங்குச்சு. ஆனா அழகா காட்டின. இடம் உனக்குத்தான்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிமிஷம் படகும் பெண்ணும் சுத்தமாக மறந்துபோயின.

பையை எடுக்க உள்ளே போனேன். கம்பளத்தில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். மேலே கோட்டு இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கம்பளம் நனைந்து கிடந்தது.

"பஸ் போயிடுச்சா, மிஸ்?"

"நீ ஏன் போகல?"

"அவளுக்கு ரொம்பக் குளிருச்சு. என் கோட்டைக் குடுத்தேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் என் இடத்துல நீ உக்காருன்னு சொல்லிட்டுப் போனா."

ஒரு பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று தெரிந்தால், கிடைத்த இடம் கையை விட்டுப் போகும். என் காரிலேயே இவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் காதும் காதும் வைத்தமாதிரி முடிந்துவிடும். அப்படித்தான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறியவளையும், அவளோடு பஸ்ஸுக்குள் இருக்கும் மற்றப் பிள்ளைகளையும் நினைத்தேன். மேவிஸைக் கையில் பிடித்துக்கொண்டு மார்கோவின் முன்னால் போய் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு மிஸஸ் ஹால்வர்சனைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் இருக்காங்களேம்மா. எண்ணித்தானே ஏத்தினேன்," என்றார் அவர். "மேவிஸ் என் பக்கத்துலதான் இருக்கா. கையெல்லாம் ஐஸா இருக்கு, தேய்ச்சு விட்டுட்டிருக்கேன்."

மார்கோ மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் என் விரலை இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க பார்க்கறது தப்பு," என்று போனில் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் நான் ஒருநாளும் சொல்லாத சொல். "உங்க பக்கத்துல இருக்கறது மேவிஸ் இல்ல."

போனில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

"எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க, மிஸ்?"