பதினாறுக்குப் பதினாறு

சகாயசெல்விக்கு வந்த ஆத்திரத்தில், கையில் இருந்த மவுஸ் உடையாமல் தப்பியதே பெரிய காரியம்.

திண்டுக்கல்லில் இஞ்ஞாசியின் பிளெக்ஸ் கடையில் ஒன்பது வருஷமாக டிசைன் போடுகிறவள் அவள். தாடிக்கொம்பு, ஆத்தூர், வேடசந்தூர் என்று எந்த ஊரில் காதுகுத்து நடந்தாலும் பேனர் அவள் கையில்தான் உருவாகும். காதுகுத்துப் பேனர் என்றால் லேசுப்பட்டதா? தாய்மாமன் படம் பெரிதாக, பங்காளிகள் வரிசையாக, அதற்குக் கீழே மச்சான், மாப்பிள்ளை, கூட்டாளிகள் என்று நூறு தலைக்குக் குறையாது. ஒரு தலை விட்டுப்போனால் போச்சு, அந்த வீட்டுக்காரர்கள் பந்தியில் கைநனைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தலையும் தனித்தனிப் படம். கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஒன்றை நகர்த்தினால் திரை அப்படியே உறைந்து நின்றது.

அதனால் மூன்று புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவானது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் நம் வேலைக்குப் போதும் என்றாள் செல்வி. எந்தக் கம்பெனி பிராசசர் என்பதில்தான் சண்டை. அவள் ஒன்றைச் சொன்னாள். கம்ப்யூட்டர் விற்கும் ராஜ்கமல் எதிர்க் கம்பெனியைச் சொன்னான்; அவன் கடையில் அந்தச் சரக்குதான் தேங்கிக் கிடந்தது. இரண்டையும் மாட்டிக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்கள் என்று ராஜ்கமலிடம் சொல்லிவிட்டார் இஞ்ஞாசி. செல்வி சொன்னது ஜெயித்தால் டிசைன் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. தோற்றால் ராஜ்கமலின் மச்சான் வந்து உட்காருவான், அவள் அவனுக்குக் கீழே.

மறுநாள் காலை கடை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, ஒரே காதுகுத்துப் பேனரை இரண்டு மெஷினிலும் திறந்து படங்களை நகர்த்திப் பார்த்தார்கள். ராஜ்கமல் சொன்னதில் தாய்மாமன் வழுக்கிக்கொண்டு ஓடினார். செல்வி சொன்னதில் தத்தித் தத்தி நகர்ந்தார்.

"ரெண்டுலயும் பதினாறு ஜிபி ரேம்தாண்ணே. பில்லுல பாத்துக்கங்க," என்றான் ராஜ்கமல்.

இஞ்ஞாசி எல்லார் முன்னாலும் சிரித்தார். "அரைகுறைக்கு அம்புட்டுத் திமிரு. இவ பேச்சைக் கேட்டுருந்தா கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போயிருக்கணும்."

கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூடப் பாதி நாள் வந்து வேலை பார்த்தவளுக்குக் கிடைத்த பேச்சைப் பாருங்கள். அழுகை வரவில்லை அவளுக்கு, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் அக்கா வேலை செய்கிற கடையில் இதே பிராசசரில், இதைவிடப் பெரிய பேனரை அவளே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அங்கே ஓடியது இங்கே எதற்கு நொண்ட வேண்டும்? ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். வாரண்டி போய்விடும் என்று ராஜ்கமல் பதறப் பதற இரண்டு பெட்டியையும் திறந்தாள்.

அவன் மெஷினில் எட்டு எட்டாக இரண்டு ரேம். அவளுடையதில் பதினாறாக ஒரே ஒரு ரேம். பில்லில் பார்த்தால் பதினாறுக்குப் பதினாறு, சரிதான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

செல்வி எல்லாருக்கும் புரியும்படி சொன்னாள். தனி கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்கு அது கிடையாது, எல்லாவற்றுக்கும் ரேமிடம்தான் கையேந்த வேண்டும். ரேம் இரண்டாக இருந்தால் இரண்டு வழியாக வரும், ஒன்றாக இருந்தால் ஒரே வழி. ஒரு தெருவுக்கு இரண்டு குழாயும் இன்னொரு தெருவுக்கு ஒரே குழாயும் போட்டுவிட்டு, எந்தத் தெருவில் சீக்கிரம் குடம் நிறைகிறது என்று பந்தயம் வைத்த கதைதான் இது.

ராஜ்கமலின் பையில் விற்க வைத்திருந்த, எட்டு எட்டாக இன்னொரு ஜோடி ரேம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, தன் மெஷினில் இருந்த ஒற்றை ரேமைக் கழற்றிவிட்டு மாட்டினாள். மறுபடி ஓட்டினார்கள். அவனுடையதும் நன்றாகத்தான் ஓடியது. அதை அவள் மறைக்கவில்லை. அவளுடையது அதையும் தாண்டி ஓடியது.

இஞ்ஞாசிக்கு முகம் சுருங்கிவிட்டது. தெரியாமல் மாட்டியிருப்பார், விடும்மா என்றார்.

"தெரியாம மாட்டுனா ரெண்டுலயும் ஒரே மாதிரில்ல மாட்டிருப்பாரு?"

ராஜ்கமல் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். இஞ்ஞாசி தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, பொறுப்பு உனக்குத்தான், போய் வேலையைப் பார் என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

செல்வி நகரவில்லை. "பொறுப்பு இருக்கட்டும்ணே. எல்லாரு முன்னாடியும் அரைகுறைன்னு சொன்னீங்கள்ல. அது தப்புன்னும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

கடை ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இஞ்ஞாசி வாய்க்குள் என்னவோ முனகினார். பிளெக்ஸ் அடிக்கிற மெஷின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

செல்வி நேராகப் போய் அந்த மெஷினை நிறுத்திவிட்டு வந்து, அவர் முன்னால் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்கண்ணே."