கோல்பர்னின் தம்பிக்கு ஒரு கிளாஸ்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு விஸ்கிப் போத்தலின் லேபிளில் பிறந்தது. லேபிளை எழுதியவள் மெற்றில்டா. லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், அம்மா பெர்னடெற்றோடு இருக்கிறாள். விளம்பரக் கம்பெனியில் பொருட்களுக்குப் பூர்வீகம் கட்டித் தருகிறாள். என்ன பிழைப்பு இது!

‘கென்டக்கியின் மலைச்சரிவில், 1871இல், கோல்பர்ன் என்றொரு...’ வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானும் லேபிள்தான் எழுதுவேன்.

கோல்பர்ன் போர்பன் விஸ்கி தொடங்கி எட்டே வருடம். [லேபிளில் 1871.] மெற்றில்டா கட்டிய கதை இது: போருக்குப் போன தம்பிக்காக அண்ணன் கோல்பர்ன் கிறிஸ்மஸ்தோறும் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தான். நாற்பதாம் வருடம் தம்பி வந்தான்.

2

அந்தக் கிளாஸ் அவள் வீட்டிலிருந்து எடுத்தது. 2009இல் வன்னிப் போரில் காணாமல்போன அண்ணன் மேர்வினுக்கு அம்மா கிறிஸ்மஸ்தோறும் ஒரு கிளாஸ் நெல்லிரசச் சர்பத் ஊற்றி வைப்பாள். நாற்பதாம் வருடம் வந்தது மட்டும் மெற்றில்டாவின் கற்பனை. லேபிளை எழுதியது மகள்தான் என்று அம்மாவுக்குத் தெரியாது.

(அடிக்குறிப்பு: அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்கும் அண்ணன் வரவேண்டியிருந்தது.)

3

பதினாறு வருடம் மறுத்த பெர்னடெற், போன மாதம்தான் மகனுக்கு, இறந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்கச் சம்மதித்தாள். அழுது தீர்க்கட்டும் என்று மெற்றில்டா நாளும் குறித்துவிட்டாள். அந்தக் கிழமை பார்த்துத்தானா கென்டக்கிக்குச் சுற்றுலா போன மச்சான் கீர்த்தனன் போத்தலோடு வந்து நிற்க வேண்டும்!

“மாமி, விஸ்கி வடிக்கிற இடத்தைச் சுத்திக் காட்டிப்போட்டு, கடைசியா ஒரு கிளாஸ் ஊத்தி வைக்கினம். உங்களை மாதிரியே! சண்டைக்குப் போன தம்பிக்காரன் நாப்பது வருசத்தால வந்திட்டானாம்.”

“நாப்பதோ? என்ர பிள்ளை போய்ப் பதினாறுதானே!” பெர்னடெற்றின் முகம் மலர்ந்துவிட்டது. “மெற்றில்டா, ஃபாதருக்குப் போன் எடு. பூசை வேண்டாம். உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஆத்துமப் பூசை குடுப்பினமே?”

“அம்மா, அது வந்து...”

இந்த வாக்கியத்தை ஐந்து விதமாக முடித்துப் பார்த்தேன். மெற்றில்டா, பாவி, போனை எடுத்தாள்.

4

மறுநாள், அம்மா சொல்லச் சொல்ல, கோல்பர்ன் குடும்பத்துக்கு மெற்றில்டா ஒரு கடிதம் எழுதினாள். “உங்கட தம்பி எந்தப் பக்கத்தால வந்தவர்? நாங்கள் ஆரிட்டப் போய்க் கேக்க வேணும்?” அம்மா தானே நடந்துபோய்த் தபாலில் போட்டாள்.

கோல்பர்னின் பூர்வீகம் கேட்டு வரும் கடிதங்களை விஸ்கிக் கம்பெனி லண்டனில் மெற்றில்டாவின் விளம்பரக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடும். பதில் எழுத வேண்டியவள் மெற்றில்டா. அம்மாவின் கடிதமும் வந்துவிட்டது. ‘அன்புள்ள திருமதி பெர்னடெற்’ என்பதற்கு மேல் அவளால், சரி, என்னால் எழுத ஏலவில்லை.

அம்மா தினமும் கதவடியில் தபால் பார்க்கிறாள். நீங்களாவது எழுதுங்கள்.