உப்புப் பார்க்க ஒரு ஆள்

பெரிய நோன்பு தொடங்கி முப்பது நாளாகத் தெமியானாவின் அடுப்பில் பால் ஏறவில்லை, இறைச்சி ஏறவில்லை, ஒரு முட்டை உடையவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றும் சேர்ந்து சமையல் மேடையில் வந்து உட்கார்ந்திருந்தன. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின. மெட்ரோ நெரிசலில் கசங்கி வந்தவள், உடை மாற்றக்கூட இல்லாமல் மக்ரோனாவுக்குத் தண்ணீர் வைத்தாள். கணவன் ரம்ஸி ஆறரைக்கு வருவான். அவன் உள்ளே நுழையும் நேரம் பாலும் மாவும் சேர்ந்த பெஷமெல் அடுப்பில் இருக்க வேண்டும், இறக்கியிருக்கக் கூடாது. அதுதான் அவள் கணக்கு.

வரும் வழியில் மளிகைக்கடை கிர்கிஸ் சும்மா விட்டானா? அவனும் நோன்பு பிடிக்கிறவன்தான். பால் பாக்கெட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மரீனாவின் அம்மா என்ற பொருளில் 'உம் மரீனா' என்று கூப்பிட்டுக் கேட்டான்.

"என்ன உம் மரீனா, நாள் கணக்கு தப்பிப்போச்சா? ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல கெடக்கே."

"எனக்கில்ல. கீழ்வீட்டு உம் ஹாஸிம் கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. மக்ரோனா பெஷமெல் பண்ணிக் கொடுக்கலாம்னு."

"அவ மருமக நேத்துதான் நெய் வாங்கிட்டுப் போனா. அங்க சமையலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லையே."

"கூட ஒரு தட்டு போனா வேணாம்பாளா? பாலைக் கொடு நீ."

உம் ஹாஸிமின் கால் உடைந்தது நிஜம். மீதிதான் பொய். நோன்புக் காலத்தில் பொய் சொல்ல வைத்துவிட்டானே என்று தெமியானாவுக்கு ரம்ஸி மேல் இன்னும் ஒரு சுற்று எரிச்சல் ஏறியது.

எல்லாம் ஒரு டப்பாவில் ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு முன் அவன் ஆபீஸ் பையில் சாவி தேடப்போனவள் கையில் நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா தட்டுப்பட்டது. அவள் வீட்டு டப்பா இல்லை. திறந்தால், மூலையில் பொன்னிறமாகச் சிவந்த பெஷமெல் ஒரு விரல்நுனி அளவு காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். ஏலக்காய். தெமியானா பெஷமெல்லில் ஜாதிக்காய்தான் போடுவாள். ஏலக்காய் போட்டு இறைச்சியை வேகவைத்து, அந்தச் சாற்றைப் பாலோடு சேர்த்து ஊற்றுகிற பொறுமைசாலி ஒருத்தி இந்தக் கெய்ரோவில் எங்கேயோ இருக்கிறாள். மக்ரோனா பெஷமெல் என்ன, சும்மா கிளறிப் போடுகிற சமாச்சாரமா? மக்ரோனாவை வேகவைக்க ஒரு பாத்திரம், கொத்துக்கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, எல்லாவற்றையும் அடுக்கிச் சுட ஒன்று. மனதுக்குப் பிடிக்காத ஆம்பிளைக்காக எந்தப் பொம்பிளையும் நாலு பாத்திரம் தேய்க்க மாட்டாள். அதுவும் நோன்பு பிடிக்கிறவனுக்கு, நோன்பு நாளில்.

டப்பாவைக் கழுவித் துடைத்துப் பையிலேயே வைத்தாள். அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்கு வரும்போது வாயில் புதினா மிட்டாய். இரண்டு செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் தாமதம். வந்ததும் நேராகக் குளியலறை. வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகும் முழுக்கைச் சட்டை. இரவில்கூட அதைக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பதினான்கு வருடம் கூடப் படுத்தவளுக்கு முதுகைப் பார்த்தாலே தெரியாதா? எவளோ ஒருத்தி தன் வீட்டை இடிக்கிறாள் என்று முடிவுகட்டினாள்.

வெங்காயம் வதங்கி, கொத்துக்கறி நிறம் மாறி, வீடு முழுக்க வாசனை பரவியது. சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மரீனா மூக்கை உறிஞ்சினாள். பத்து வயது. இந்த வருடம்தான் முழு நோன்பு பிடிக்கிறாள், அதில் ஏகப்பட்ட பெருமை.

"அம்மா, நீயும் வாயில வைக்க முடியாது, நானும் முடியாது. உப்பு சரியா இருக்கான்னு யாரு பாப்பா?"

"அதுக்கு ஆள் வரும். நீ எழுது."

அந்த ஆளுக்குத்தான் இத்தனையும். கரண்டியை நீட்டி உப்புப் பார் என்பாள். வாயில் வைத்தால் நோன்பு கலைந்த நாக்கு என்று தெரிந்துவிடும். "நான் நோன்பாச்சே" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டால், டப்பாவை வைத்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். எப்படி விழுந்தாலும் சிக்குகிற பொறி. நெய்யில் மாவைச் சிவக்காமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தாள். கதவில் சாவி திரும்பியது.

ரம்ஸி சமையலறை வாசலில் வந்து நின்றான். அடுப்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"யாருக்கு இது?"

"உம் ஹாஸிமுக்கு. வா, உப்பு பாரு. மரீனாவும் நானும் நோன்பு."

"நான் மட்டும் என்னவாம்?"

"அதை நீதான் சொல்லணும்."

கரண்டி அவன் மூக்குக்கு நேராக நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ரம்ஸி திரும்பி, "மரீனா, புக்கை எடுத்துக்கிட்டு உன் ரூமுக்குப் போம்மா," என்றான். அவள் போய்க் கதவை மூடும்வரை காத்திருந்தான். பிறகு குனிந்து, கரண்டியை ஊதி, வாயில் வைத்தான்.

"உப்பு கம்மி."

"ஏலக்காயும் கம்மியா?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "டப்பாவைக் கழுவினது நீதானா? இவ்வளவு பளபளன்னு வந்திருக்கே, நீயா கழுவினேன்னு ஸொஹேர் அப்பவே கேட்டாங்க."

"ஸொஹேர்." பெயரைச் சொல்லிப் பார்த்தாள் தெமியானா. ஆக, பெயர் கிடைத்துவிட்டது. "யார் அந்த மகராசி?"

"ஆபீஸ்ல எதிர் மேசை. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆறாங்க. ஆறு பேரப்பசங்க."

"பேரப்பசங்களுக்குப் போடாம உனக்கு எதுக்கு ஊட்டுறாளாம்?"

ரம்ஸி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நோன்பை விடச் சொல்லி சர்ச் அபூனா அனுமதி கொடுத்துட்டாரு."

தெமியானா இந்த வார்த்தையை இதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். ரம்ஸியின் அண்ணன் லுத்ஃபி சொன்னது, மூன்று வருடத்துக்கு முன், இதே பெரிய நோன்பில். ரத்தம் குறைகிறது, கறியும் பாலும் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்ல, பாதிரியாரும் சரியென்றார். குடும்பமே கூடி லுத்ஃபியைக் கிண்டல் செய்தது. எங்களுக்கெல்லாம் பயறு, துரைக்கு மட்டும் கோழியா என்று அதிகமாகச் சிரித்தவள் தெமியானாதான். அந்த வருடம் பேரீச்சை பழுப்பதற்குள் அவரைப் புதைத்துவிட்டார்கள்.

"பொய் சொல்ற," என்றாள்.

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தடம். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

"ரெண்டு செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தாங்க. லுத்ஃபியப் பார்த்த அதே டாக்டர்தான். இடுப்பெலும்புலயும் ஊசி போட்டு எடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை ரிசல்ட் தெரியும். இப்ப ஒண்ணும் தெரியாது, தெமியானா. ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

"எங்கிட்ட சொல்லாம, ஆபீஸ்ல எதிர் மேசைக்கிட்ட சொன்ன."

"அவங்க முன்னால மயங்கி விழுந்தேன். சொல்லாம எப்படி இருக்க முடியும்? உங்கிட்ட சொன்னா நீ லுத்ஃபிய நெனப்ப. நீ நெனச்சா எனக்கும் அதே நெனப்பு வந்துரும்."

மூன்று வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டை ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் காணாமல் போனது. பாவி, இதற்கா நான் பொறி வைத்தேன்?

"ரம்ஸி, ஒரு பொம்பள இருக்கான்னு சொல்லிடு."

"என்ன பேசுற?"

"சின்ன வயசுக்காரி, அழகா இருப்பான்னு சொல்லு. நான் கத்துறேன், தட்டை உடைக்கிறேன், எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். இதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல."

அவன் கிட்டே வந்து அவள் கைக்கு மேல் கை வைத்துக் கரண்டியைப் பிடித்தான்.

"அடிப்பிடிக்குது. கிளறு."

இரண்டு கையும் சேர்ந்து கொஞ்ச நேரம் கிளறின. பிறகு அவள் அவனை நகர்த்திவிட்டு உப்புப் போட்டாள். கண்ணாடித் தட்டில் மக்ரோனா, கறி, மறுபடி மக்ரோனா, மேலே பெஷமெல், அதன் மேல் அடித்த முட்டை. அவனுக்கு உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். தட்டை ஓவனில் வைத்து, மேல்பக்கம் சிவந்ததும் எடுத்தாள்.

மேசையில் தனக்கும் மரீனாவுக்கும் பயறும் ரொட்டியும் வைத்தாள். சூடான தட்டை ரம்ஸியின் முன்னால் வைத்தாள். மரீனா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"உம் ஹாஸிமுக்கு இல்லையா?"

"அவங்க வீட்டுல சமைச்சாச்சு. இது அப்பாவுக்கு. அப்பா நோன்பை விடலாம்னு அபூனா சொல்லிட்டாரு."

பெரியப்பா லுத்ஃபி செத்தபோது மரீனாவுக்கு ஏழு வயது. அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

"உனக்கு ஜாலிதான்ப்பா," என்றாள். "அம்மா, நாளைக்கும் செய்வியா?"

"நாளைக்கும் செய்வேன்."

தெமியானா ஒரு துண்டு வெட்டி வைத்தாள். ரம்ஸி சாப்பிட்டு முடித்து முள்கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அடுத்த துண்டு விழுந்தது. "போதும்," என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் சாப்பிட்டான். மூன்றாவதையும் வைத்தாள். அவளுடைய பயறு ஆறிப் படலம் கட்டிக்கொண்டிருந்தது. கத்தியைக் கையில் பிடித்தபடி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய் கீழே இறங்கும்போதும் அவளும் வெறும் எச்சிலை விழுங்கினாள்.