கையை எடு

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அழவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். பெட்டியை வாசற்படி தாண்டிச் சாய்த்து இறக்கிக்கொண்டிருந்தபோது, தலைப்பக்கம் பிடித்திருந்த ஒருவன் மறுகையால் படம் எடுத்தான்.

"டேய், ரெண்டு கையாலயும் பிடிடா! உள்ள இருக்கிறது எம் பொண்ணு, சோபா இல்ல!" என்று கத்தினார் மேஸ்திரி.

பெட்டியை வாசலில் பெஞ்சின்மேல் வைத்தார்கள். அதை ஏற்றிப்போக வேண்டிய வண்டி தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை. வாழ்நாள் முழுக்கச் சுவர் எழுப்பினவர். சிமெண்ட் மூட்டையில் போட்டிருக்கும் எடையைக்கூட நம்பாமல் தூக்கிப் பார்த்தே வாங்குவார். மகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனபோது, "அந்தரத்துல தொங்கிக்கிட்டு எவனோ கத்துக்குட்டிய நம்புவியா?" என்று கேட்டார்.

"நான் எங்கேப்பா நம்புவேன்? உங்க பொண்ணாச்சே" என்றாள் அவள்.

அந்தச் சின்ன விமானத்தில் ஆசிரியர் முன்னால் ஒரு பிடி, மாணவர் முன்னால் ஒரு பிடி. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவர் கைதான் இருக்கவேண்டும். ஆசிரியர் "என்கிட்ட" என்றால், மாணவர் "உங்ககிட்ட" என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். "பயம் வந்தா வாய் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிடும்பா, கை விடாது" என்பாள் மகள். விடாத கையின்மேல் பட்டென்று ஓர் அடி வைப்பாள். கை தானாகத் திறந்துகொள்ளும். ஒரு மாணவன் மணிக்கட்டு வீங்கிவிட்டதென்று புகார் கொடுத்தான். அன்றிலிருந்து மாணவரை யாரும் தொடக்கூடாது என்று விமானப் பள்ளியில் உத்தரவு.

அந்தப் பள்ளியின் தலைவர் இப்போது கறுப்புக் கண்ணாடியோடு கேட்டைத் திறந்து வந்தார். பின்னால், நெற்றியில் கட்டோடு ஒருவன். விழுந்த விமானத்திலிருந்து உயிரோடு எடுத்த மாணவன்.

"ஐயா, நாளைக்கு விசாரணைக்கு வருவாங்க" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "மேடம் இன்னும் கொஞ்சம் முன்னாடியே விமானத்தைத் தன் கைக்கு எடுத்திருக்கணும்னுதான் எங்களுக்குப் படுது. அந்த அடி சமாசாரமெல்லாம் வீட்டுலேருந்து யாரும் பேச வேண்டாமே. அவங்க பேருக்குத்தான் கெடுதல்."

"அடேயப்பா, என்ன அக்கறை! உசிரோட இருந்தப்ப அவ கையைக் கட்டிப்போட்டீங்க. செத்ததும் பேரைக் காப்பாத்த வந்துட்டீங்க."

"மாமா, கொஞ்சம் மெதுவா..." என்றார் மருமகன்.

"மெதுவாப் பேசி யாரு தூக்கத்தைக் காப்பாத்தணும் மாப்ளே?" மாணவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அவ கேட்டாளா, இல்லையா?"

"கேட்டாங்க ஐயா. விமானத்தோட மூக்கு ரொம்ப மேலே போயிடுச்சு. உடனே 'என்கிட்ட'ன்னாங்க. 'உங்ககிட்ட'ன்னு நானும் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"சொன்னே. கையை எடுத்தியா?"

"எடுத்துட்டேன் ஐயா. சத்தியமா."

பொய் சொல்கிற கண்ணை மேஸ்திரி நிறையப் பார்த்திருக்கிறார். இது அது இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

வண்டி வந்து நின்றது. நானும் பிடிக்கிறேன் என்று மாணவன் அழுதுகொண்டே தலைப்பக்கக் கைப்பிடியைப் பற்றினான். யாரும் தடுக்கவில்லை. பெட்டியின் கால்பக்கம் வண்டிக்குள் ஏறியது. கடைசித் தள்ளலை அப்பன்தானே தள்ளவேண்டும்? மேஸ்திரி அவன் பக்கத்தில் போய்க் கைவைத்தார்.

"விடுப்பா. என்கிட்ட."

"உங்ககிட்ட, ஐயா."

அவர் தள்ளினார். பெட்டி நகரவில்லை. மறுபடி தள்ளினார். பெட்டி கோணிக்கொண்டு வண்டிக் கதவில் இடித்தது.

"விடுன்னேன்!"

"விட்டுட்டேன் ஐயா!"

எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். விரல் முட்டியெல்லாம் வெளுத்து, கைப்பிடியைப் பின்னால் இழுத்தபடி இருந்தது. மேஸ்திரி அதன்மேல் ஓங்கி ஓர் அடி வைத்தார். விரல்கள் திறந்தன. பெட்டி சரசரவென்று உள்ளே போயிற்று.

மாணவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அதிர்ச்சியில இருக்காரு ஐயா. இதை வெச்சு..." என்று தொடங்கினார் தலைவர்.

"நாளைக்கு வரட்டும். முதல் ஆளா நான்தான் பேசுவேன். இவன் மேல எனக்குக் கோவமில்ல. உங்க உத்தரவு மேலதான்."

மருமகன் அருகே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "மாமா... அந்த உத்தரவு சரிதான்னு அவளே சொன்னா. அடிச்சுக் கத்துக்குடுக்கிறது தப்புன்னு. என்கிட்டதான் சொன்னா."

மேஸ்திரி குனிந்து வேட்டி நுனியைப் பற்றினார்.

"வாய் சொல்லியிருக்கும்."

"இல்ல மாமா, மனசாரத்தான்..."

அவர் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். வண்டிக்காரர் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினார்; மேஸ்திரி அதைக் கடந்து போனார். "ஏறிக்குங்க மாமா, ரொம்ப தூரம்" என்ற குரல் பின்னால் கேட்டது. தெருவின் நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போய்க்கொண்டே இருந்தார். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. முதல் கியரிலேயே, அவர் நடைக்குத் தக்கபடி, வண்டி பின்னால் ஊர்ந்து வந்தது.