சனிக்கிழமை மூடியிருக்கும் கடை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வார இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு பக்கக் கட்டுரை: இந்தக் கடற்கரை ஊரில் சனி, ஞாயிறுகளில் எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம். "இலக்கியமெல்லாம் வேண்டாம். படிச்சா பசிக்கணும், அவ்வளவுதான்" என்றார். நானும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன்.

காலைக் காப்பிக்குக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கடை (கோப்பை சின்னது, காற்று இலவசம்). மாலையில் பீருக்குப் படகுத்துறையோரத்து மொட்டைமாடி (தொப்பியோடு போகாதீர்கள், தலையோடு மட்டும்தான் திரும்புவீர்கள்). மதியச் சாப்பாட்டுக்கு

இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் உருப்படியான இடம் ஒன்றுதான். அது என் அக்காவின் கடை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடியிருக்கும்.

2.

கட்டுரை நொண்டியதும் அதைக் கதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இவை:

'அன்று கடல்' (வேண்டாம். இப்படி எழுதி எழுதிக் கடலுக்கே அலுத்துப்போயிருக்கும்.)

'அத்தான் ஒரு பேராசைக்காரர்.' (பொய். வில்லன் ஒருவர் அகப்பட்டால் கதை சீக்கிரம் முடியுமே என்கிற சபலம்.)

'சனிக்கிழமை மதியம் அக்கா பூட்டியிருந்த கடையின் நீலக் கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாற்றிக்கொண்டாள்.'

இது பரவாயில்லை. இப்படியே வைத்துக்கொள்வோம்.

அக்கா சமைக்கிறாள், நரைமீசை அத்தான் பரிமாறுகிறார். வார நாட்களில் வருகிறவர்கள் துறைமுக அலுவலகத்து ஆட்கள், நர்சுகள், வங்கிக்காரர்கள். எல்லாரும் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். சனிக்கிழமையானால் கடையைத் திறக்காமல் இரண்டு பேரும் வேறு கடைக்குப் போய், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது கடை திறந்த நாளில் அக்கா போட்ட சட்டம். ஞாயிறு அடுப்புக்கே ஓய்வு, அதில் யாருக்கும் தகராறு இல்லை.

"வாரம் பூரா நான் அடுப்பைப் பாத்துட்டு நிக்கறேன், அவர் வாசலைப் பாத்துட்டு நிக்கறார்" என்பாள். "ஒரு நாளாவது மூஞ்சியைப் பாத்து சாப்பிட வேண்டாமாடா?"

(அக்கா இதுவரை படித்துவிட்டாள். "செருப்பு மாத்தினதையெல்லாமா எழுதுவே?" என்றாள். அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை.)

3.

கட்டுரை விஷயம் எப்படியோ அத்தான் காதுக்குப் போயிருக்கிறது. போனில் கிசுகிசுத்தார்.

"மச்சான், சனிக்கிழமை திறந்திருக்கும்னு எழுதிடேன். அச்சுல வந்துட்டா உங்கக்காவால ஒண்ணும் பண்ண முடியாது. வந்தவங்களைப் பசியோட அனுப்ப அவளுக்கு மனசு வராது."

"ஏன் அத்தான், இப்ப வர்ற கூட்டம் பத்தலையா?"

"கூட்டத்துக்கு என்ன குறைச்சல். ஆனா எல்லாரும் அள்ளிப் போட்டுட்டு ஓடறாங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்கதான் சாவகாசமா சாப்பிடுவாங்க. அவங்க நம்ம பூட்டைப் பாத்துட்டு அந்தக் கலர் லைட் போட்ட சாப்பாட்டுக் கடைக்குப் போறாங்க. வயிறு எரியுது. அவ வைக்கற மீன் சூப்பை ஒருத்தர் ரசிச்சுக் குடிச்சு, நல்லா இருக்குன்னு சொல்லி, அது அவ காதுல விழணும். எனக்கு அது போதும்."

போய்விட்டார் என் வில்லன். இப்போது என் கையில் இருப்பது ஒரே ஒரு வார்த்தை. 'திறந்திருக்கும்' என்று எழுதினால் அக்காவின் சனிக்கிழமை போய்விடும். எழுதாவிட்டால் அத்தானின் ஆசை போய்விடும். ஒரு பக்கக் கட்டுரைக்கு இது அதிகப்படியான பாரம்.

4.

போன சனிக்கிழமை, ஆராய்ச்சி என்ற பெயரில், நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். போனது அந்தக் கலர் லைட் கடைக்கு. நல்ல கூட்டம். பரிமாறுகிறவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வெகுநேரமாகக் காத்திருந்தது.

அத்தான் நெளிந்தார். எழுந்து போய் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கதோஷத்தில், "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டது.

அவர்களும் சொன்னார்கள். இவரும் நேரே சமையலறைக்குப் போய்ச் சொன்னார். சமையல்காரரும் செய்துவிட்டார். பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. முதலாளி இவரைப் புது ஆள் என்று நினைத்து, ஜன்னலோர மேசையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு எதிரே காலி நாற்காலி. (இங்கே அவள் கண்ணீர் விட்டால் கதைக்கு நல்லது. விடவில்லை. அவர் தட்டில் இருந்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டாள்.)

"எழுதிக்கோடா, சனிக்கிழமை திறந்திருக்கும்னு" என்றாள். "எங்க கூட்டிட்டு வந்தாலும் இந்த மனுஷன் உக்காரப் போறதில்ல. ஊரான் கடையில ஓடறதுக்கு நம்ம கடையிலயே ஓடட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் எழுதிக்கொள்ளவில்லை.

காலித் தட்டுகளோடு வந்த அத்தான் காதில் அது விழுந்துவிட்டது. தட்டுகளைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீனில்லாத தன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டாம் மச்சான். மூடியிருக்கும்னே எழுது."

"அதான் நான் திறக்கறேங்கறேனே" என்றாள் அக்கா.

"நீ யாரு திறக்க? சாவி என்கிட்ட இருக்கு."

வீடு வரைக்கும் இதே சண்டைதான், அவள் அவருக்காகவும் அவர் அவளுக்காகவும்.

5.

"திறந்திருக்குமா, மூடியிருக்குமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, பக்கத்தை முடிக்கணும்" என்று ஆசிரியர் மூன்றாவது முறை கேட்டுவிட்டார். இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஒருவர் தோற்கிறார். இரண்டையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் எப்படியும் சாப்பிடப் போகிறவர்தானே. நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள். மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவின் கடைசி, நீலக் கதவு.

பூட்டியிருந்தால் தட்டாதீர்கள். கலர் லைட் கடைக்குப் போங்கள். அங்கே நரைமீசைக்காரர் ஒருவர் வந்து உங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம், நாற்காலியில் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

திறந்திருந்தால் உள்ளே போங்கள். சூப் கேளுங்கள். மெதுவாகக் குடியுங்கள். நன்றாக இருந்தால் அடுப்புவரை கேட்கும்படி சொல்லுங்கள். கூட்டம் கரையட்டும். பிறகு எழுந்து, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அவர்கள் இருவரையும் உட்காரவைத்து, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேளுங்கள்.

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடையில் இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை.